கர்மா, ஆன்மா, நிர்வாணம்: படிக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் இந்து, பௌத்த தத்துவங்களை ஆர்வமாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் எல்லோரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பெயர்க் குழப்பம், ஆண்டுக் குழப்பம் எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"எல்லாம் அவங்கவங்க கர்மா"

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தோம். கூட வந்த ஒருவர் அந்தத் தாயிடம், "போன ஜென்மத்து வினைம்மா, யாரால மாத்த முடியும்?" என்றார். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார். அந்த அம்மாவோ, "அப்படி நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று வருகிறவர்களிடம் எல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இத்தனைக்கும் ஆறுதல் சொன்ன அந்த மனிதர் படித்துக்கொண்டிருந்தது பௌத்தம். புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த பாளி நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகன் என்ற துறவி புத்தரிடம் இதையே கேட்கிறான்: நாம் அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தானா? புத்தர் மறுக்கிறார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குவது, வினைப்பயன் என்று 8 காரணங்கள் சொல்கிறார். எட்டில் ஒன்றுதான் வினை! எல்லாம் விதி என்றவர், ஆசீவகம் என்ற வேறொரு சமயத்தைச் சேர்ந்த மக்கலி கோசாலர். அவரைப் புத்தர் கடுமையாகக் கண்டித்தார். வினைப்பயனை ஆராய்ந்து முடிவு காண முடியாது, முயல்பவனுக்குப் பித்துதான் பிடிக்கும் என்று இன்னொரு பாளித் தொகுப்பான அங்குத்தர நிகாயமும் எச்சரிக்கிறது. அப்புறம் இன்னொருவர் வீட்டு இழவுக்குக் காரணம் சொல்ல நாம் யார்?

உபநிடதங்களை அடிப்படையாகக் கொண்ட இந்துத் தத்துவமான வேதாந்தத்தில் வினைக்கு இன்னும் பெரிய இடம் உண்டு. சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என மூன்றாகப் பிரிப்பார்கள். சஞ்சிதம் முன்பே சேர்ந்து கிடக்கும் வினை. பிராரப்தம் அதில் பலன் தரத் தொடங்கிவிட்ட பகுதி; வில்லிலிருந்து புறப்பட்டுவிட்ட அம்பு போல, அது ஓடித்தான் அடங்கும். ஆகாமியம் இப்போது செய்வதால் சேர்வது. அதாவது துக்க வீட்டில் நாம் பேசும் பேச்சும் நம் கணக்கில்தான் ஏறுகிறது. கர்மா நம் நடத்தையைப் பார்த்துக்கொள்வதற்கான கோட்பாடு. அடுத்தவரின் துன்பத்துக்குத் தீர்ப்பு எழுத அதை எடுக்காதீர்கள்.

"இந்துத் தத்துவம், பௌத்தம் இரண்டும் ஒன்றுதான்"

இல்லை. உபநிடதங்கள் அழியாத ஆன்மாவைத் தேடச் சொல்கின்றன. புத்தர் சாரநாத்தில் தம் முதல் சீடர்கள் ஐவரிடம், உடல், உணர்ச்சி என எதை எடுத்தாலும் "இது நான்" என்று சொல்ல முடியாது என்றார். அப்படியானால் மறுபிறப்பு எப்படி என்பீர்கள். மணிமேகலையின் 30ஆம் காதையைப் படியுங்கள். பேதைமையில் தொடங்கி வினைப்பயன் வரை, ஒன்றைச் சார்ந்து அடுத்தது தோன்றும் 12 சார்புகள் வரிசையாக வரும். அவற்றில் ஆன்மா இல்லை.

நிர்வாணம் சொர்க்கம் அல்ல

சொர்க்கத்திலும் ஆயுள் முடியும். மறுபடி பிறக்க வேண்டும். நிர்வாணம் என்பது ஆசை அணைந்து, அந்தப் பிறவிச் சுழலே நின்றுபோவது.

"புத்தர் விஷ்ணுவின் அவதாரம்தானே?"

சில புராணங்கள் அப்படிச் சொல்கின்றன. பௌத்தர்கள் ஏற்பதில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் எடுத்த 22 உறுதிமொழிகளில் இந்த மறுப்பும் ஒன்று. ஒரு பௌத்தரிடம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.