வெசாக் வெளிச்சம் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தரை நினைவுகூரும் வெசாக் பண்டிகை வந்துவிட்டால் கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு கங்காராம விகாரைக்கும் விகாரமகாதேவி பூங்காவுக்கும் கிளம்பிவிடும். தண்ணீர்ப் போத்தல், குடையெல்லாம் அம்மாமார் மறக்க மாட்டார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

வேனில் போவது

"அம்மம்மா இருக்கிறா, உள்ளே இருந்தபடியே பார்க்கலாம்" என்பார்கள். பார்க்க முடியாது. அன்றிரவு பெய்ரா வாவியைச் சுற்றிப் பல வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். விடுகிற வீதியிலும் நடுவால் சனம் நடக்கும். எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் வேன் கொள்ளுப்பிட்டியில் மாட்டி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றது. சின்னவன் சத்தியெடுத்தான். அம்மம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. ஒரு வெசாக் விளக்குக் கூடுகூடப் பார்க்காமல் பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது, ஏனென்றால் வெள்ளவத்தை ஸ்டேஷன் அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

கரையோர ரயிலில் ஏறிக் கொம்பனித்தெருவில் இறங்குங்கள். கொஞ்சம் நடந்தால் வாவி. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த, வாவிக்குள் இருக்கும் சீமாமாலக விகாரையின் வெளிச்சம் தண்ணீரில் ஆடும். பக்கத்திலேயே கங்காராம, அப்புறம் பூங்கா. நடக்க முடியாத பெரியவர்களை இருட்டுவதற்கு முன்பே ஓட்டோவில் கூட்டிப்போய்ப் பூங்கா வாங்கிலில் இருத்திவிடுங்கள். திரும்பும் ரயில் நேரத்தை வீட்டிலேயே பார்த்து வையுங்கள்.

நாளைக்குப் போகலாம் என்பது

1885 இல் வெசாக் போயாவை, அதாவது வெசாக் பௌர்ணமி நாளை, பொது விடுமுறையாக்கினார்கள். இப்போது மறுநாளும் விடுமுறை என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். மே மாதத்து மாலை மழையை நம்ப முடியாது. கூடு என்பது மூங்கில் சிலாகையும் மெல்லிய தாளும்தான். ஒரு மழை பெய்தால் வால் தாள்கள் சாயம் இறங்கி மூங்கிலோடு ஒட்டிக்கொள்ளும். முதல் இரவே போங்கள்.

பந்தலைப் பாதியில் விட்டு வருவது

ஓடும் பல்புகளைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வெசாக் பந்தல் என்பது பல்புகளும் சித்திரங்களும் வைத்துக் கட்டிய பெரிய அலங்காரத் தட்டி. அதிலுள்ள ஒவ்வொரு சித்திரமும் ஜாதகக் கதையில், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதையில், ஒரு கட்டம். ஒலிபெருக்கியில் சிங்களக் கவியாகக் கதை போகும். சிங்களம் தெரிந்த ஒருவர் பிள்ளையின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே நிற்கட்டும், "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பிள்ளை நகரவே மாட்டாது.

சந்திக்கும் இடம் பேசாமல் போவது

சனத்துக்குள் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முதலே பேசிவைத்து, பிள்ளையின் கையில் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

தன்சலில் காசு நீட்டுவது

வேண்டாம். தன்சல் என்பது சாப்பாட்டை இலவசமாகக் கொடுக்கும் இடம். வரிசையில் நின்று இரண்டு கையாலும் வாங்குங்கள்.