தாத்தாவின் மெடல் என்ன சொல்கிறது? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

பாட்டியின் காரியம் முடிந்த பிறகுதான் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு பவுடர் டப்பா, அதற்குள் மூன்று மெடல்கள். இரண்டு நட்சத்திரம், ஒன்று வட்டம். ரிப்பன்கள் நைந்து வெறும் நூலாகியிருந்தன. "ரங்கூன் சண்டையில ஜப்பான்காரனை விரட்டினதுக்குக் கொடுத்தது" என்றார் பெரியப்பா. வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்லி வந்தோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால், அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்கிறேன்.

முதலில், தேய்க்காதீர்கள்

எங்கள் அத்தை ஆசையாகப் புளி போட்டு ஒரு நட்சத்திரத்தைத் தேய்த்துவிட்டார். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பின்பக்கம் இருந்த எழுத்தில் பாதியைக் காணோம். புளி, விபூதி, பிராசோ, பல்பொடி எதுவும் வேண்டாம். மெத்தென்ற காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

விளிம்பைப் படியுங்கள்

இதுதான் முக்கியமான கட்டம், அவசரப்படாமல் செய்யுங்கள். இரண்டாம் உலகப்போர் மெடல்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்திய ராணுவத்தினருக்குக் கொடுத்தவற்றில் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். அந்த வகையில் நமக்கு யோகம்தான். வட்ட மெடல் என்றால் காசின் ஓரம் போன்ற அந்தப் பக்கவாட்டு விளிம்பில் பாருங்கள். நட்சத்திரத்துக்கு அப்படி விளிம்பு கிடையாது, அதனால் பின்பக்கத்தில் இருக்கும்.

எழுத்து மங்கலாக இருந்தால் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை மெடலுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். அந்த நிலையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் புரியாவிட்டால், சின்ன வயதில் காசுமேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதையே செய்யலாம். மெல்லிய தாளும் கூர் மழுங்கிய பென்சிலும் போதும், அழுத்தக் கூடாது.

எழுத்தெல்லாம் ஆங்கிலச் சுருக்கங்கள். எஸ்.இ.பி. என்றால் சிப்பாய், எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர் (பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது போன்ற பொறியியல் வேலை செய்யும் சிப்பாய்), என்.கே. நாயக், ஹெச்.ஏ.வி. ஹவில்தார், ஜே.இ.எம். ஜமேதார். பெயரை மட்டும் நம்பாதீர்கள். முனுசாமி என்ற பெயரை அன்றைய குமாஸ்தா மூனிசாமி, முன்னுசாமி, முனிஸ்வாமி என்று காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நம்பர்தான் ஆளின் அடையாளம். எல்லா மெடலிலும் ஒரே நம்பர்தானா என்று பாருங்கள். ஒரே டப்பாவில் தாத்தாவுடையதும் அவர் தம்பியுடையதும் கலந்து கிடப்பது சாதாரணம்.

எந்த மெடல்?

நட்சத்திரங்களில் சிரமமே இல்லை. நடுவில் இருக்கும் வளையத்திலேயே பெயர் எழுதியிருக்கும். ஆறு முனை, மஞ்சள் உலோகம், நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்து. '1939-45 ஸ்டார்' பொதுவானது. 'பர்மா ஸ்டார்' 1941 டிசம்பர் முதல் நடந்த பர்மா போருக்கு, 'ஆப்பிரிக்கா ஸ்டார்' வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போருக்கு, 'இத்தாலி ஸ்டார்' 1943 ஜூன் முதல் 1945 மே வரை நடந்த இத்தாலிப் போருக்கு.

வட்ட மெடலில் இரட்டைத் தலை டிராகனைச் சிங்கம் மிதித்து நின்றால் அது 'வார் மெடல் 1939-45'. பின்பக்கம் இந்திய வரைபடம் இருந்தால் 'இந்தியா சர்வீஸ் மெடல்'. மூன்று வருடம் இந்தியாவிலேயே போர்முனை அல்லாத பணியில் இருந்த இந்தியப் படையினருக்கு மட்டும் கொடுத்தது அது. 1914-18 போரின் 'பிரிட்டிஷ் வார் மெடல்' வெள்ளி. அதனாலேயே பல வீடுகளில் கொலுசாகிவிட்டது. 1947-க்குப் பிறகு என்றால் 'சமர் சேவா ஸ்டார்', 'ரக்ஷா மெடல்' 1965 போரையும், 'பூர்வி ஸ்டார்', 'பஸ்சிமி ஸ்டார்', 'சங்க்ராம் மெடல்' 1971 போரையும் காட்டும்.

ரிப்பனை வைத்து முடிவு கட்டாதீர்கள். யாராவது கைக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள்.

ஒரு கசப்பான விஷயமும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னதில் எதுவுமே தனி வீரச்செயலுக்கான விருது இல்லை. அந்தப் போரில், அந்தப் பணியில், குறித்த காலம் இருந்த எல்லாருக்கும் கொடுத்தவை. பிரிட்டிஷ் காலத்து வீர விருது என்றால் அந்த அரசின் இதழான லண்டன் கெஜட்டில் பெயர் வந்திருக்கும், இணையத்தில் இலவசமாகத் தேடலாம். மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கப்போன கண்ணிவெடிமேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அதற்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த வீர விருதைக் கொடுத்தார்கள். நம் தாத்தாவுக்கு அது இல்லையே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

எங்கே கேட்பது?

முதலில் வீட்டிலேயே டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் புத்தகம், யூனிபார்ம் போட்டோ தேடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சேர்ந்த தேதி, ஊர், தாலுகா, பெற்ற மெடல்கள் எல்லாம் அதில் இருக்கும்.

அடுத்து, படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன், சாப்பர் என்றால் பெங்களூரு எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்), தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப்படை என்றால் நாசிக். நம்பர், பதவி, பெயர், பிரிவு, உங்களுக்கு என்ன உறவு என்பதை எழுதி, விளிம்பின் போட்டோவையும் வாரிசு சான்றிதழ் நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு நடை போய்க் கேளுங்கள். போன தடவை நான் போனபோது அங்கிருந்த ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் விளிம்பைப் பார்த்த மாத்திரத்தில் "சாப்பர், நம்ம தம்பி" என்றார். மதராஸ் சாப்பர்களுக்குத் 'தம்பிகள்' என்றுதான் பட்டாளத்தில் பெயர்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரும் நம்பரும் போட்டுத் தேடுங்கள். உடல் கிடைக்காதவர்கள் பெயரும், தகனம் செய்யப்பட்டவர்கள் பெயரும் பர்மாவில் தௌக்யான், சிங்கப்பூரில் கிராஞ்சி போன்ற நினைவிடங்களில் பொறித்திருக்கும்.

படைப்பிரிவு தெரிந்த பிறகு அதன் அன்றாடப் போர் நாட்குறிப்பு வரை போகலாம். லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், மத்திய கிழக்குக்கு டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 169, இத்தாலிக்கு 170, பர்மா பக்கத்துக்கு 172 என்ற வரிசைகளில் இருக்கின்றன. அதில் சிப்பாயின் பெயர் வருவது அபூர்வம். ஆனால் எந்த நாள் எந்த ஆற்றில் பாலம் கட்டினார்கள் என்பது வரை இருக்கும்.

எங்கள் டப்பாவில் என்ன இருந்தது என்கிறீர்களா? 1939-45 ஸ்டார், வார் மெடல், அப்புறம் அத்தை தேய்த்த அந்த நட்சத்திரம். அதன் வளையத்தில் பளிச்சென்று 'இத்தாலி ஸ்டார்' என்றுதான் இருக்கிறது. பர்மாவைக் காணோம். பெரியப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐஸ் மேல நடந்தேன், ரோட்டோரமா திராட்சைத் தோட்டம்னு எங்கப்பா சொல்லுவாருடா. புளுகுறாருன்னு நினைச்சோம்" என்றார்.