கான்வென்டில் ஆறாம் வகுப்பு சேரும் மகளுக்கு: முதல் வருடத்தை எப்படிக் கடப்பது

வட சென்னையில் ராயபுரம் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் 29 வருடம் தமிழ் எடுத்தேன். நானும் அங்கேயே படித்தவள்தான். வீடு பழைய வண்ணாரப்பேட்டை, பூஜை அலமாரியில் முருகன். ஒவ்வொரு ஜூன் மாதமும் காசிமேடு, கல்மண்டபம், தண்டையார்பேட்டையிலிருந்து வரும் அம்மாக்கள் கேட் ஓரமாக என்னை நிறுத்திக் கேட்பார்கள். "டீச்சர், எங்க பொண்ணு இங்க ஒட்டிக்குவாளா?" அவர்களுக்குச் சொல்லி வந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை, மாலைப் படிப்பு உண்டா என்று கேட்பது. சேர்க்கைப் படிவம் வாங்கும்போதே கேளுங்கள். கடைசி மணி அடித்த பிறகு ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க விடும் வழக்கம் சிஸ்டர்கள் பள்ளிகள் பலவற்றில் உண்டு. நம் ஏரியா வீடுகளின் அளவு நமக்குத் தெரியும். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே கூடம். டிவி, தம்பி, சமையல், வலை சீர் செய்யும் தாத்தா எல்லாம் அதற்குள். அங்கே உட்கார்ந்து ஒரு பிள்ளை கணக்குப் போட முடியாது. பள்ளியின் பெரிய மரமும், மாதா கெபியின் (குகை போன்ற சிறு கோயில்) படிக்கட்டும், மின்விசிறி ஓடும் வகுப்பறையும் அந்த ஒரு மணி நேரம் அவளுடையவை. கட்டடத்தையும் கலை விழாவையும் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அந்த நேரத்தில் என்ன செய்யச் சொல்வது? வீட்டுப்பாடம் முடிந்ததும் தமிழுக்குப் பத்து நிமிடம். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. நம் பிள்ளைகள் 'வாயப்பயம்' என்பார்கள், 'மயை பெய்யுது' என்பார்கள். அது வீட்டுப் பேச்சு, அதற்காக யாரும் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் விடைத்தாளில் 'மயை' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். பேச்சைத் திருத்தப் போகாதீர்கள், பிள்ளை வாயையே மூடிக்கொள்வாள். கையைப் பழக்குங்கள். பாடப் புத்தகத்திலிருந்து தினம் ஐந்து வரி பார்த்து எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு ழகரத்தையும் வட்டமிடட்டும், ளகரத்துக்கு அடிக்கோடு. வட்டமிட்ட சொற்களை மட்டும் மூன்று முறை வாய்விட்டுப் படிக்கட்டும். நாக்கு மேலே மடிந்து, அண்ணத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் அது ளகரம். நான் பார்த்தவரை இரண்டு, மூன்று மாதத்தில் கை பழகிவிடும்.

பாடகர் குழுவில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. என் வகுப்பில் காசிமேட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். 'புகழ்' என்ற சொல் வரும் பாட்டை சிஸ்டர் ஆர்மோனியத்தில் மெதுவாக இழுத்துப் பாடச் சொன்னபோது, அந்த இழுப்பில் அவள் நாக்கு தானாக மடிந்தது. நான் வராந்தாவில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன், பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மனப்பாடச் செய்யுளை எழுந்து நின்று சொன்னாள். மத்தப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்து எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்பது, "சாமி விஷயம் எப்படி டீச்சர்?" காலை அசெம்பிளியில் தமிழ்த்தாய் வாழ்த்து, செபம், திருக்குறள், செய்தி, உறுதிமொழி என்று போகும். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தால் மாதாவை நினைத்துச் சொல்லும் மூவேளை செபம். எழுந்து அமைதியாக நின்றால் போதும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் அதே பாடவேளையில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளியில் யாரையும் அவர் சம்மதம் இல்லாமல், சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல், மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. இதைச் சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை, பயம் இல்லாமல் அனுப்புவதற்காகச் சொல்கிறேன். நான் ஆறாவது படித்தபோது முதல் பரீட்சைத் தாளின் தலையில் பழக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். பக்கத்துப் பெண் தன் தாளில் 'சேசு மரி சூசை' (இயேசு, மரியாள், யோசேப்பு) என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததும் பயந்துபோய் ரப்பரைத் தேடினேன். கண்காணிப்புக்கு வந்த சிஸ்டர் குனிந்து, "அது இருக்கட்டும்மா, முதல் கேள்வியை எழுது" என்றார். பொட்டு, பூ, வளையல் பற்றிய விதி பள்ளிக்குப் பள்ளி மாறும். சேரும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள், நடுவில் பிள்ளையை வகுப்பில் நிற்க வைக்காதீர்கள்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா? ஒரே வளாகத்தில் இரண்டும் இருக்கும். உதவி பெறும் தமிழ்ப் பிரிவில் செலவு மிகக் குறைவு, சுயநிதி ஆங்கிலப் பிரிவுக்குக் கட்டணம் உண்டு. முடிவெடுக்கும் முன் இதையும் யோசியுங்கள். 6 முதல் 12 வரை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. இது தெரியாமல் பன்னிரண்டாவதில் வந்து கண் கலங்கிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு எழுத வையுங்கள். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள்.

பணம் பற்றி ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அதே நேரத்தில் பள்ளி திறக்கும். நோட்டு, ஷூ, யூனிஃபார்ம் தையல் கூலி எல்லாம் அந்த வாரத்தில்தான் வந்து நிற்கும். வட்டிக்கு வாங்காதீர்கள். தலைமை ஆசிரியையிடம் போய், "தடைக்காலம் சிஸ்டர், ஆடி பிறந்ததும் கட்டிடறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். மீனவரான இராயப்பர் (புனித பேதுரு) பெயரில் அமைந்த ஊரில் இருக்கும் பள்ளிக்கு இது புரியாத விஷயம் இல்லை. பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடமும் நோட்டுக்குக் கேட்கலாம்.

தாமதம். இதில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் வாரத்தில் இரண்டு நாள் பிந்தி வந்த பிள்ளையை இரண்டு மாதம் வெளியே நிற்க வைத்தேன். அவள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் அவள் பாட்டி வந்து, தண்ணி லாரி வரும் நாளில் குடம் பிடிப்பது அவள்தான் என்றார். அம்மா விடியற்காலையிலேயே மீன் ஏலத்துக்குப் போய்விடுவாராம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் சொல்கிறேன், காரணம் இருந்தால் டைரியில் எழுதி அனுப்புங்கள். எழுத வராதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதி, கீழே கைநாட்டு வைத்தாலும் போதும். காரணம் தெரியாத டீச்சர்தான் தண்டிப்பார். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி நெரிசலுக்கு மட்டும் சாக்கு எழுதாதீர்கள், அது தினம் இருப்பது. இருபது நிமிடம் முன்னால் கிளம்ப வையுங்கள்.

குறை இருந்தால் முதலில் வகுப்பு ஆசிரியை, அப்புறம் தலைமை ஆசிரியை, அதற்கும் மேல் தாளாளர். நேராகத் தாளாளரிடம் போனால் வகுப்பில் பிள்ளைதான் சங்கடப்படுவாள்.

சரி, மாலைப் படிப்புக்குத் திரும்புகிறேன். பிள்ளை தானாகக் கேட்கமாட்டாள். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே டைரியில் இப்படி எழுதி அனுப்புங்கள்: "மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு, என் மகளை மாலைப் படிப்பில் உட்கார வையுங்கள். முடிந்ததும் அழைத்துப்போக நானோ அவள் பாட்டியோ கேட்டில் நிற்போம். இப்படிக்கு," என்று எழுதிக் கையெழுத்து. பாட்டியின் பெயரையும் அதிலேயே எழுதிவிடுங்கள், வாட்ச்மேன் கேட்பார். அவள் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் வையுங்கள். நாலு மணிக்கு நல்லாப் பசிக்கும்.