அலுமாரிக் கசெட்டை இந்த மாதமே இறக்குங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கமாக வீடு இருந்தால், பழைய வீடியோ கசெட்டைக் கையில் எடுத்து அதன் சின்ன ஜன்னல் வழியாக உள்ளே பாருங்கள். நாடாவின் ஓரத்தில் மாப் படிந்ததுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படியே டெக்கில், அதாவது கசெட்டை ஓடவிடும் விசிஆர் கருவியில், போட்டு ஓடவிடாதீர்கள். நாடாவும் பழுதாகும், அடுத்துப் போடும் கசெட்டுக்கும் தொற்றும். துப்பரவாக்கித் தரும் ஸ்டூடியோவிடம் கொடுங்கள். விசிஆர் உற்பத்தி 2016இலேயே நின்றுவிட்டது. ஓடுகிற டெக் கிடைக்கும்போதே கசெட்டில் இருப்பதைக் கணினிக் கோப்பாக மாற்றிவிட வேண்டும்.

பழைய புகைப்படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டும் பக்க அல்பத்தில் படம் ஒட்டிப்பிடித்துக்கொண்டால் இழுக்க வேண்டாம். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெல்ல மெல்ல அரக்குங்கள். அப்பம்மாவின் ஒரே கலியாணப் படம் மூலையில் கிழிந்த பிறகுதான் இதைப் பழகினேன், இன்னும் மனம் ஆறவில்லை.

இப்படி எடுத்த கோப்புகளுக்குப் பிரதி மூன்று வேண்டும்: கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கனடாவில் இருக்கும் சித்தியிடமோ கிளவுட்டிலோ ஒன்று. வீட்டில் எழுதிய சிடியை நம்பாதீர்கள்; வெப்பத்திலும் ஈரத்திலும் அதன் சாயம் கெட்டுப்போகும். பெரியவர்கள் இருக்கும்போதே படத்தில் நிற்பவர்களின் பெயரைக் கேட்டு, பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள்.