இசைப் பேராசிரியர் மேடைக்கும் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழக வேலையும் கச்சேரியும் சேர்ந்து ஓடாது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் திருச்சி சங்கரன் 1971-இல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். மிருதங்கக் கச்சேரிகளை விடவில்லை. 2011-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். ஆனால் நல்ல ஞானம் இருந்தும் சில பழக்கங்களால் மேடையைக் கோட்டைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வகுப்பில் பாடுவதையே சாதகமாக, அதாவது தினசரிப் பயிற்சியாகக் கணக்குப் பண்ணுவதுதான் முதல் தவறு. பாடும் சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்: ஆண் குரலுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. மாணவிகளுக்கு ஐந்து, ஐந்தரை. எல்லோருக்கும் பொதுவாக ஏதோ ஒரு கட்டையில் சுருதிப் பெட்டியை வைத்துவிட்டு, மேல் ஸ்தாயியில் தொண்டையை இறுக்கியும் கீழ் ஸ்தாயியில் முனகியும் மூன்று பீரியட் பாடினால் சாயங்காலம் குரல் கம்மிப்போகும். சுருதிவாரியாக மாணவர்களைப் பிரித்து உட்கார வையுங்கள். பாட்டு வரியை மெருகேற்றிப் பாடும் சங்கதியை ஒருமுறை பாடிக் காட்டிவிட்டு, நன்றாகப் பாடும் மாணவியைத் திரும்பத் திரும்பப் பாட விடுங்கள். உங்கள் சுருதியில் 'ஆ' என்று மட்டும் பாடிப் பழகும் அகார சாதகத்தைக் கல்லூரிக்குக் கிளம்புமுன் முடித்துவிடுவது நல்லது.

குரலைவிட, மேடையிலேயே கற்பனையாகப் பாடும் மனோதர்மத்துக்குத்தான் சேதம் அதிகம். பிள்ளைகள் பிடித்துக்கொள்ளட்டும் என்று தோடி ராகத்தைத் துண்டு துண்டாகப் பாடுகிறோம். காந்தார ஸ்வரத்தில் நின்று ராகத்தைக் காட்டும் ஒரு பிடி, நிறுத்தம். தைவத ஸ்வரத்தில் ஒரு பிடி, நிறுத்தம். வருஷக்கணக்கில் இப்படியே பழகினால் மேடையிலும் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை துண்டுகளாகத்தான் வரும். எதிரே இருக்கும் ரசிகருக்குப் பாடம் கேட்பது போலிருக்கும். பாடத்திட்டத்திலுள்ள கீர்த்தனைகளே கச்சேரிப் பட்டியலையும் நிரப்பிவிடும். அதனால் வகுப்பில் எடுக்காத ராகம் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். யாருக்கும் விளக்காமல், நடுவில் நிறுத்தாமல் அரைமணி நேரம் பாடுங்கள். குருவோ, ஒளிக்காமல் குறை சொல்லும் சக கலைஞரோ கேட்டால் இன்னும் நல்லது.

மார்கழி சீசன் நெருங்கும் சமயத்தில்தான் செமஸ்டர் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் வரும். தமிழக அரசுப் பணியில் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான். அதை ஆவணிக் கல்யாணக் கச்சேரிகளிலேயே தீர்த்துவிடாதீர்கள். சபாவிடமிருந்து தேதி வந்ததும் துறைத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். வெளியில் பாடுவதற்கும் சன்மானம் வாங்குவதற்கும் உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்று பார்த்து, அனுமதி வேண்டுமென்றால் எழுத்திலேயே வாங்குங்கள். வாய்வார்த்தையாக வாங்கியது தலைவர் மாறினால் செல்லாது.

மாணவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் கச்சேரிக்கு வந்தார்களா என்பதை இன்டர்னல் மார்க்கில் காட்டுவது அநியாயம். மதிப்பெண் உங்கள் கையில் இருக்கும்போது, தம்பூரா போட வரச் சொன்னால்கூட அவர்களால் மறுக்க முடியாது. வயலின் படிக்கும் மாணவரைப் பக்கவாத்தியத்துக்குக் கூப்பிடுவதானால், ஒத்திகை பார்த்து, வெளிக் கலைஞருக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தைக் கொடுத்துக் கூப்பிடுங்கள்.