சொன்னேன் என்பது போதாது: புதிய வாலிபால் வீராங்கனைகள் செய்யும் தவறுகள்

பன்னிரண்டு சீசன் தொழில்முறை வாலிபால் ஆடி முடித்தவள் நான். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பெண்களுக்கு இப்போது வழிகாட்டுகிறேன். நான் அன்று செய்த அதே தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தூக்கம், தண்ணீர், வார்ம்-அப் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பீர்கள்.

ஏஜென்ட் போனில் சொன்னதை ஒப்பந்தம் என்று நம்புவது

பேசிய சம்பளம் வரி போகவா, வரியோடு சேர்த்தா? வீட்டு வாடகை யார் தருவார்கள்? சம்பளம் எத்தனை நாள் தள்ளிப்போனால் நீங்கள் விலகிக்கொள்ளலாம்? காகிதத்தில் பதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளிநாட்டு அணியென்றால் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வேண்டும். ஐடிசி என்பார்கள். அது வராமல் களத்தில் இறங்க முடியாது. பழைய கிளப்போடு தீராத கணக்கு இருந்தால் அந்த இடத்தில்தான் வந்து சிக்கும். தென் கொரியாவின் கிம் யான் கூங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மிகச் சிறந்த வீராங்கனை விருது வாங்கியவர். அதே வருடம், அவர் துருக்கியின் ஃபெனர்பாச்சே அணிக்கு ஆடுவது தொடர்பாகப் பழைய கிளப்போடு உரிமைத் தகராறு வந்து, விவகாரம் சர்வதேச வாலிபால் சம்மேளனம் வரை போனது. அவருக்கே அப்படியென்றால், முதல் சீசன் ஆடப்போகிற உங்கள் பக்கம் யார் பேசுவார்கள்?

வலியை வாயால் மட்டும் சொல்வது

போன மாதம் ஒரு பெண் தோளைப் பிடித்துக்கொண்டே வீடியோ காலில் பேசினாள். "அக்கா, ஃபிசியோகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். எழுத்தில் கொடுத்தாயா என்று கேட்டேன். பதில் இல்லை. எனக்கு என் ஜனவரி மாதம் நினைவுக்கு வந்துவிட்டது.

நான் வலது கையால் அடிக்கும் ஸ்பைக்கர். எங்களைப் போன்றவர்கள் காற்றில் உடம்பைச் சாய்த்து அடித்துவிட்டு, பல தடவை இடது காலில் மட்டுமே இறங்குவோம். பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். அதற்கு மேலே கை போக வேண்டுமென்றால் நாள் தவறாமல் குதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண்தான் அந்த அடியையெல்லாம் வாங்குகிறது. ஜம்பர்ஸ் நீ என்று ஃபிசியோக்கள் சொல்வது இந்த வலியைத்தான். அது ஏமாற்றுகிற வலி. காலையில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவேன். மாலையில் உடம்பு சூடானதும் வலி போய்விடும். மறுநாள் இன்னும் மோசமாக வரும்.

டேப் ஒட்டும்போது ஃபிசியோவிடம் சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். நடைவழியில் பயிற்சியாளரை நிறுத்திச் சொன்னேன். இன்னும் மூன்று மேட்ச்தானே, தாங்கிக்கொள் என்றார். நானும் தாங்கினேன். மூன்றாவது மேட்ச், நான்காவது செட். அடித்துவிட்டு இடது காலில் இறங்கினேன், முழங்கால் உள்பக்கம் மடங்கியது. முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் கிழிந்துவிட்டது.

மேட்சில் பட்ட காயம்தானே, கிளப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவர்களோ, முழங்கால் பிரச்சினை முன்பே இருந்தது, நான் மறைத்துவிட்டேன் என்றார்கள். யாரிடம், எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்று கேட்டபோது காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. ஃபிசியோ அதற்குள் வேறு அணிக்குப் போய்விட்டார். மீதி சீசன் சம்பளம் போனது, அறுவை சிகிச்சைச் செலவும் என் தலையில் விழுந்தது. அந்தக் கிளப்பின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அன்று இரவு அறைக்குத் திரும்பியதும் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பத் தோன்றவில்லையே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் வலி வந்த அன்றே எழுதுங்கள். எந்தக் கால், எந்த அசைவில் வலிக்கிறது, எப்போதிலிருந்து, யாரிடம் நேரில் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார். மேலாளருக்கும் ஃபிசியோவுக்கும் அனுப்பி, ஏஜென்டுக்கு ஒரு பிரதி போடுங்கள். உங்கள் சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். கிளப் கொடுத்த முகவரியை அவர்கள் எந்த நாளும் மூடிவிடலாம். சேரும்போது எடுக்கும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் பிரதியை, எம்ஆர்ஐ எடுத்திருந்தால் அதையும் சேர்த்து, கேட்டு வாங்குங்கள்.

புகார் சொல்பவள் என்று பெயர் வாங்கி பெஞ்சில் உட்கார வேண்டியிருக்குமே என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. சில பயிற்சியாளர்கள் உட்கார வைக்கத்தான் செய்வார்கள். அது இரண்டு வாரம். முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டால், திரும்பக் களமிறங்க ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும்.

கர்ப்பம் பற்றிய ஷரத்தைப் படிக்காமல் விடுவது

இத்தாலிய வாலிபால் வீராங்கனை லாரா லூலி 2019இல் கர்ப்பமானதும் அவருடைய ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது. கருவும் கலைந்துவிட்டது. தனக்கு வரவேண்டிய சம்பளத்தை அவர் கேட்டபோது, கிளப் அவரிடமே நஷ்டஈடு கேட்டது. 2021இல் விஷயம் வெளியே வந்து உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகுதான் அந்த வழக்கு கைவிடப்பட்டது. கர்ப்பமானால் ஒப்பந்தம் முடியும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

தோழி கொடுத்த சப்ளிமெண்ட்

அணி மருத்துவர் பார்க்காத எதையும் வாயில் போடாதீர்கள். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் பொறுப்பு உங்களுடையது.

மாதவிடாய் நின்றால் வசதி என்று நினைப்பது

வசதி இல்லை. ஆட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உடம்புக்குப் போகவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அப்படியே விட்டால் எலும்பு வலுவிழந்து முறிவில் கொண்டுபோய் விடும். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சீசன் முடிந்ததும் அப்படியே கிளம்புவது

பெட்டி கட்டுவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை செய்யச் சொல்லி, அறிக்கையைக் கையில் வாங்குங்கள்.