நார்மலில் போட்டும் ஜிடிஏ 5 திக்குகிறதா?

சித்தி பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம். ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5) ஓட்டுவதற்கு இது தாராளம், 2015இல் கணினிக்கு வந்த விளையாட்டுதானே, அதற்கு அப்போது பரிந்துரைத்த கார்டே 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 660தான். ஆனால் இவனுக்கு நகரத்துக்குள் கார் ஓட்டினால் 35, 40 எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு) தாண்டவில்லை. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டுகிற படம்), நிழல், தண்ணீர், புல் எல்லாம் நார்மல். (இந்த விளையாட்டில் லோ என்று ஒன்று கிடையாது, நார்மல்தான் அடிமட்டம்.) சாலை மாவு பூசியது மாதிரி இருக்கிறது, அப்படியும் திக்குகிறது. பட்டியலை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்திப் பார்த்தேன். பாப்புலேஷன் டென்சிட்டி, டிஸ்டன்ஸ் ஸ்கேலிங் இரண்டு பட்டைகளும் கடைசி வரை நிரம்பி நின்றன. அதைத் தொடவே இல்லையாம் பையன்.

நிறைய பேர் செய்கிற தவறு இதுதான். கண்ணில் படுகிறதை எல்லாம் குறைப்போம், எது இழுக்கிறது என்று பார்க்க மாட்டோம். ஒரு ஃபிரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், வரைய இரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள்: எந்தக் கார் எங்கே போகிறது, யார் எங்கே நடக்கிறார், எதை எல்லாம் வரைய வேண்டும் என்று சொல்வது பிராசசர், அதை வரைவது கிராபிக்ஸ் கார்டு. 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் இரண்டு பேருமே 16.7 மில்லி செகண்டுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். யார் தாமதமோ அவருடைய வேகம்தான் உங்களுடைய வேகம். பிராசசர் தாமதிக்கும்போது நிழலைக் குறைத்து என்ன ஆகப் போகிறது?

அதனால் முதல் வேலை ஆளைக் கண்டுபிடிப்பது. விசிங்க்கை (எஃப்பிஎஸ்ஸைத் திரையின் வேகத்தோடு பூட்டி வைக்கிற செட்டிங்) ஆஃப் செய்துவிட்டு, எஃப்பிஎஸ் குறைகிற இடத்தில் நின்று, ரெசல்யூஷனை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்கிப் பாருங்கள். வரைய வேண்டிய பிக்சல் 20 லட்சத்து 73 ஆயிரத்திலிருந்து 9 லட்சத்து 21 ஆயிரமாகக் குறைகிறது, பாதிக்கும் கீழே. எஃப்பிஎஸ் சட்டென்று ஏறினால் கார்டுதான் திணறுகிறது. அசையவே இல்லை என்றால் பிராசசர். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மாதிரி ஏதாவது போட்டு ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பயன்பாட்டைத் திரையிலேயே பார்த்தாலும் சரி: 97, 98 சதவீதம் என்று நின்றால் கார்டு, 60க்குள் தூங்கிக்கொண்டிருந்தால் பிராசசர். ஆனால் டாஸ்க் மேனேஜரில் "சிபியு 45 சதவீதம்தானே, நிறைய மிச்சம் இருக்கே" என்று ஏமாந்துவிடாதீர்கள். அது பிராசசருக்குள் இருக்கிற எல்லாக் கோர்களின் சராசரி. ஒரே ஒரு கோர் முழி பிதுங்கி நின்றாலும் விளையாட்டு அதற்காகக் காத்திருக்கும்.

பிராசசர் பக்கம் என்றால் குறைக்க வேண்டியவை கொஞ்சம்தான். பாப்புலேஷன் டென்சிட்டியைப் பாதிக்குக் கொண்டு வாருங்கள், தெருவில் ஆளும் காரும் குறையும், விளையாட்டில் வருகிற லாஸ் சான்டோஸ் நகரம் ஒன்றும் வெறிச்சோடிப் போகாது. டிஸ்டன்ஸ் ஸ்கேலிங் என்பது எவ்வளவு தூரத்திலிருந்தே பொருள்களை முழு விவரத்தோடு காட்ட வேண்டும் என்பது, அதையும் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் போதும். அட்வான்ஸ்டு கிராபிக்ஸ் என்று தனிப் பக்கம் இருக்கிறது, பலர் அதைத் திறப்பதே இல்லை. அங்கே எக்ஸ்டெண்டட் டிஸ்டன்ஸ் ஸ்கேலிங் பூஜ்யத்தில் இருக்கட்டும், விமானத்தில் பறக்கும்போது கூடுதல் விவரம் காட்டுகிற ஸ்ட்ரீமிங்கையும் லாங் ஷாடோஸையும் ஆஃப் செய்யுங்கள்.

கார்டு பக்கம் என்றால் நான் முதலில் கை வைப்பது எம்எஸ்ஏஏ. விளிம்புகளில் தெரிகிற படிக்கட்டை மழுப்புகிற வேலைதான், ஆனால் ஒரு பிக்சலுக்கு இரண்டு, நான்கு, எட்டு மாதிரிகள் எடுத்து வைத்துக்கொள்ளும். அதிலும் ஜிடிஏ 5 ஒளியைக் கடைசியில் தனியாகக் கணக்குப் போடுகிற வகை என்பதால், அதற்காகச் சேர்த்து வைக்கிற விவரங்கள் எல்லாமே அத்தனை மடங்கு ஆகும். ஆஃப் செய்துவிட்டு, அதே வேலையை மலிவாகச் செய்கிற எஃப்எக்ஸ்ஏஏவை ஆன் செய்யுங்கள். படம் ஒரு இழை மங்கும், பழகிவிடும். ரிஃப்ளெக்‌ஷன் எம்எஸ்ஏஏ என்று இன்னொன்று ஒளிந்திருக்கும், அதையும் ஆஃப்.

அடுத்து புல். ஆமாம், புல்தான். நகரத்துக்குள் 70 காட்டிய கணினி மவுண்ட் சிலியாட் மலை அடிவாரத்துக்குப் போனதும் 40க்கு விழுகிறது என்றால் கிராஸ் குவாலிட்டியைப் பாருங்கள். அல்ட்ராவில் ஒவ்வொரு கொத்துப் புல்லையும் அடர்த்தியாக வரைந்து, அதற்கு நிழலும் போட்டுக்கொண்டிருக்கும். ஹைக்கு இறக்கினாலே மூச்சு விடும், பழைய கார்டு என்றால் நார்மல். நிழலின் விளிம்பை மென்மையாக்குகிற சாஃப்ட் ஷாடோஸில் என்விடியா பிசிஎஸ்எஸ், ஏஎம்டி சிஎச்எஸ் இரண்டும் வேண்டாம், வெறும் சாஃப்ட் போதும். போஸ்ட் எஃப்எக்ஸை ஹைக்கு மேலே ஏற்ற வேண்டியதில்லை.

எதைக் குறைக்கக் கூடாது என்பதும் முக்கியம். டெக்ஸ்சர் குவாலிட்டி சாப்பிடுவது வீடியோ மெமரியை, எஃப்பிஎஸ்ஸை அல்ல. மெனுவின் மேலேயே எவ்வளவு மெமரி செலவாகிறது என்று ஒரு பட்டை காட்டும், அதற்குள் அடங்கினால் ஹையோ வெரி ஹையோ தைரியமாக வைக்கலாம். அடங்காமல் வழிந்தால்தான் வம்பு, கார் வேகமாகப் போகும்போது சாலை வருவதற்குள் ஒரு வெட்டு விழும். தூரத்துச் சாலையைத் தெளிவாகக் காட்டுகிற அனைசோட்ரோபிக் ஃபில்டரிங் 16 எக்ஸ் கிட்டத்தட்ட இலவசம். ஷேடர் குவாலிட்டியை நார்மலில் போட்டால்தான் தரை அந்த மாவு பூசிய தோற்றத்துக்குப் போகிறது, முடிந்தவரை ஹையில் விடுங்கள்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் ஃபிரேம் ஸ்கேலிங் மோடில் முக்கால் பங்கு வையுங்கள். 1080பி திரையில் 1440×810 அளவுக்கு வரைந்து பெரிதாக்கிக் காட்டும். பிக்சல் எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதி. கொஞ்சம் மசமசப்பாகத்தான் இருக்கும், நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன்.

ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். விளையாட்டுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது, கிராபிக்ஸ் பக்கத்திலிருந்தே ஓட்டலாம். சில காட்சிகள் வரும், கடைசியில் ஜெட் விமானமும் காரும் வெடிப்புமாக வருவதுதான் நிஜ விளையாட்டுக்குக் கிட்டத்தில் உள்ளது. சராசரியைவிடக் குறைந்தபட்ச எண்ணைப் பாருங்கள், கை உணர்வது அதைத்தான். எல்லாம் முடிந்த பிறகு விசிங்க்கைப் பற்றி யோசிக்கலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் உங்கள் கணினி 52, 55 என்று ஊசலாடினால், விசிங்க் அதை 30க்கு இழுத்துவிட வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் ஆஃப்தான் நல்லது.

செட்டிங்ஸைத் தொடும் முன்னால் இதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், நானே ஒரு தடவை வெட்கப்பட்ட விஷயம். மேசைக் கணினி என்றால் மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா? புதுக் கார்டு வாங்கி மாட்டிவிட்டு இரண்டு நாள் மதர்போர்டு வழியாகவே விளையாடிக்கொண்டிருந்தேன். லேப்டாப் என்றால் சார்ஜரைப் போட்டுத்தான் விளையாட வேண்டும், பேட்டரியில் கார்டு முழு வேகத்துக்குப் போகாது. மெத்தைமேல் வைத்து விளையாடினால் அடியில் காற்று அடைபட்டுச் சூடேறி, பத்து நிமிடத்தில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதலில் நன்றாக ஓடி அப்புறம் திக்குகிறது என்றால் சந்தேகம் இங்கேதான்.

அப்புறம், 2025 மார்ச்சில் வந்த என்ஹான்ஸ்டு பதிப்பு வேறு, அதில் ஒளி போகிற பாதையைக் கணக்குப் போடுகிற ரே டிரேசிங் எல்லாம் உண்டு, மெனுவும் மாறியிருக்கிறது. நான் சொன்னது பழையதற்கு, இப்போது லெகசி என்ற பெயரில் இருப்பதற்கு. சுமாரான கணினி என்றால் அதிலேயே இருங்கள்.

சித்தி பையன் கணக்கு: பட்டைகள் இரண்டும் பாதி, எம்எஸ்ஏஏ ஆஃப், டெக்ஸ்சரும் ஷேடரும் ஹை, புல் நார்மல். நகரத்துக்குள் 60க்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்குகிறது, படமும் முன்பைவிட நன்றாக இருக்கிறது. வாங்கிக்கொண்டு போனவன் ராத்திரியே கூப்பிட்டான், புல்லை அல்ட்ராவில் போட்டுப் பார்த்தானாம், மலைப்பக்கம் திக்குகிறதாம்.